விட்னஸ் என்றால் அறிவு

விட்னஸ் என்ற சொல்லை இப்போது நான் வகுப்பில் நடத்துவதில்லை. பாடக்குறிப்பில் அது வருகிற இடத்தில் பக்கத்தைத் திருப்பிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுகிறேன். பிள்ளைகள் யாரும் ஏன் என்று கேட்டதில்லை. பரீட்சையில் வராத ஒன்றை டீச்சர் விட்டுவிட்டால் அவர்களுக்கு என்ன நஷ்டம்?

திருப்பதியில் பேங்க் பரீட்சைக்குத் தயார் செய்யும் கோச்சிங் சென்டர் ஒன்றில் பதினான்கு வருஷமாக இங்கிலீஷ் சொல்லித்தருகிறேன். சொற்களை மனப்பாடம் செய்யச் சொன்னால் கொட்டாவி விடும் பிள்ளைகள், ஒரு சொல் எங்கே பிறந்தது, யார் வாயில் எப்படி மாறியது என்று கதையாகச் சொன்னால் நிமிர்ந்து உட்காருவார்கள். அதற்காகவே சொந்தக் காசில் சொற்பிறப்பு அகராதி ஒன்று வாங்கி வைத்திருந்தேன். அதில் எனக்கு ரொம்பப் பிடித்த சொல் எது என்று யாராவது கேட்டிருந்தால், கண்ணை மூடிக்கொண்டு விட்னஸ் என்று சொல்லியிருப்பேன்.

கதை இதுதான். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய இங்கிலீஷில் 'விட்' என்றால் அறிவு. இன்றைக்கு அது சாமர்த்தியமாக வேடிக்கை பேசுவது என்ற அளவுக்குச் சுருங்கிவிட்டது. அன்று அப்படி இல்லை, ஒரு மனுஷருக்குத் தெரிந்ததெல்லாம் அந்தச் சொல்லுக்குள் அடங்கும். நம்முடைய 'வேதம்' எந்த வேரில் பிறந்ததோ அதே வேரில் பிறந்த சொல் அது. திருப்பதிப் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் வகுப்பு முழுக்கச் சலசலப்பு எழும். குட்னஸ், டார்க்னஸ் என்பதில் வருகிற 'னஸ்'ஸை விட்டோடு சேர்த்தால் விட்னஸ், அதாவது அறிந்திருத்தல். முதலில் அது ஆளைக் குறிக்கவில்லை, கோர்ட்டைக் குறிக்கவில்லை. பிறகு தெரிந்ததை நாலு பேர் முன்னால் சொல்வதற்கு அந்தப் பெயர் வந்தது. அதற்கும் பிறகு, சொல்கிற ஆளுக்கே பெயராகிவிட்டது. கிரேக்கத்தில் சாட்சி என்ற பொருளில் இருந்த சொல், உயிரே போனாலும் சொன்னதை மாற்றாதவர்களுக்குப் பெயராகி, மார்ட்டர் என்று இங்கிலீஷுக்குள் வந்து சேர்ந்த கதையையும் இதோடு சொல்வேன். கடைசியில், தெரிந்தால்தான் விட்னஸ், தெரியாவிட்டால் சும்மா நிற்கிற ஆள் என்று பலகையைத் தட்டி முடிப்பேன். எவ்வளவு திமிர் எனக்கு!

எங்கள் ஊர் சித்தூரிலிருந்து தமிழ்நாட்டு எல்லைக்குப் போகிற வழியில் இருக்கிறது. வீட்டில் தமிழ், கடையிலும் ஆபீசிலும் தெலுங்கு. எங்கள் அப்பா, நைனா என்றுதான் கூப்பிடுவோம், காலமெல்லாம் கூலிக்குப் போய், கடைசியில் கொஞ்சம் நிலம் வாங்கியவர். அக்கா, அண்ணன், நான் என்று மூன்று பேர். அக்கா ஊர்த் தமிழ்ப் பள்ளியில் நாலாவதோடு நின்றுவிட்டாள். அண்ணனைத் தெலுங்குப் பள்ளியில் சேர்த்தார்கள். என்னை மட்டும் எல்லைக்கு அந்தப் பக்கம் மாமா வீட்டில் விட்டுத் தமிழில் படிக்க வைத்தார்கள். அதனால் தெலுங்கு எனக்கு வாயிலும் காதிலும்தான் உண்டு. காதில் விழுந்தால் ஒரு சொல் தப்பாது, சண்டை போடச் சொன்னால் எனக்குத் தெலுங்கில்தான் நன்றாக வரும். ஆனால் எழுத்து தெரியாது. எங்கள் பக்கத்தில் இப்படிப்பட்டவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் வெட்கமே இல்லாமல் பக்கத்தில் நிற்பவரிடம் காகிதத்தை நீட்டி, கொஞ்சம் படிச்சுச் சொல்லு என்பார்கள். இங்கிலீஷ் டீச்சருக்கு அந்த வாய் வருமா? வரவில்லை.

இந்த ரகசியம் தெரிந்த ஒரே ஆள் அண்ணன். முதன்முதலில் திருப்பதிக்கு வேலைக்கு வந்தபோது சித்தூர் பஸ் ஸ்டாண்டுவரை அவன்தான் கூட வந்தான். பஸ் போர்டுகள் எல்லாம் எனக்கு ஒரே கோலமாகத் தெரிந்தன. யாரிடமும் கேட்கவும் மாட்டேன் என்று நிற்கிறேன். அவன் சிரித்துவிட்டு, முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் ஒரே மாதிரி இருந்தால் அது திருப்பதி, கண்ணை மூடிக்கொண்டு ஏறு என்று சொல்லிக் கொடுத்தான். அந்த ஒரு பாடத்தை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருஷம் அந்த ஊருக்கும் இந்த ஊருக்கும் போய் வருகிறேன். ரேஷன் கார்டோ, வீட்டு வாடகைப் பத்திரமோ, எது வந்தாலும் போட்டோ எடுத்து அவனுக்கு அனுப்புவேன். அவன் போனில் வாசித்துக் காட்டுவான். ஒருமுறைகூடக் கேலி செய்ததில்லை, வெளியில் ஒருவரிடமும் சொன்னதில்லை.

அக்கா கட்டிக்கொடுத்த இடத்தில் வாழ முடியாமல் திரும்பி வந்தவள். நைனா நிலத்தில் கிணற்றை ஒட்டி முப்பது சென்ட்டில் ஷீட் போட்ட வீடு, ஆறு மாமரம், ஒரு கறவை மாடு. அவள் உலகமே அவ்வளவுதான். நைனா செத்த வருஷமே, என்னைப் படிக்க வைத்ததே என் பங்கு என்று சொல்லி நான் எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்தப் பத்திரத்தையும் அண்ணன்தான் எனக்கு வாசித்துக் காட்டினான். அதில் ஒரு எழுத்து பொய் இல்லை. ஆக, நிலம் முழுக்க அவர்கள் இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது. அதைப் பாகம் பிரித்து ஆளுக்கொரு பத்திரமாக எழுதிவிட்டால் நாளைக்கு அவன் பிள்ளைகள் அக்காவைக் கேள்வி கேட்க முடியாது என்று அண்ணனே சொன்னபோது, நான் போனிலேயே அழுதுவிட்டேன். இந்தக் காலத்தில் இப்படி ஒரு அண்ணனா என்று சென்டரில் எல்லாரிடமும் பெருமை பேசினேன். சாட்சிக் கையெழுத்துப் போட நீ வந்தால் நல்லா இருக்கும் பாப்பா என்றான். ஒரு நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன்.

சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீசுக்கு எதிரே பத்திரம் எழுதுகிறவரின் கடை. இரண்டு சாட்சி வேண்டும். ஒன்று நான். இன்னொருவர் அந்த வாசலிலேயே நின்றுகொண்டு, டீக் காசுக்கு யார் பத்திரத்திலும் கையெழுத்துப் போடுகிற பெரியவர். அவர் காகிதத்தைப் பார்க்கக்கூட இல்லை, கையெழுத்துப் போடுகிற நேரத்தில் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு வாசலில் வெற்றிலை மடிக்கப் போய்விட்டார். எனக்குள் ஒரு ஏளனம், இதெல்லாம் ஒரு விட்னஸா என்று. பத்திரம் எழுதுகிறவர் என் பக்கம் தாள்களை நகர்த்தி, "சதுவுகோண்டி, மேடம்," படித்துக்கொள்ளுங்கள் என்றார். என் தங்கச்சி திருப்பதியில் இங்கிலீஷ் லெக்சரர் என்று அண்ணன் அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

அந்த இடத்தில் நான் செய்ய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. ஒருதடவை வாசித்துக் காட்டுங்கள் என்று கேட்டிருக்க வேண்டும். காதில் விழுந்திருந்தால் முதல் வரியிலேயே எல்லாம் தெரிந்திருக்கும். கேட்கவில்லை. கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, தாளைக் கையில் எடுத்தேன். படிக்கிற கண் எந்த வேகத்தில் ஓடும் என்பது டீச்சருக்குத் தெரியாதா? இடமிருந்து வலமாக வரிவரியாகக் கண்ணை ஓட்டினேன். சர்வே நம்பர், சென்ட் கணக்கு என்று எண்கள் வந்த இடத்தில் நின்று, யோசிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். சரியான நேரத்தில் பக்கத்தைத் திருப்பினேன். எதிரில் பெஞ்சில் பையை மடியில் வைத்துக்கொண்டு அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் முடிந்ததும் தலையை ஆட்டி, சரியாகத்தான் இருக்கிறது என்று தெலுங்கில் வேறு சொன்னேன். அண்ணன் அந்த நேரம் வெளியே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அக்கா எழுந்து வந்து, கோணல் மாணலாகத் தமிழில் தன் பெயரை எழுதினாள். அவள் எழுதுவதைப் பார்த்துவிட்டு அந்தப் பெரியவரும் நானும் சாட்சிக் கையெழுத்துப் போட்டோம். உள்ளே ஆபீசர் அவளைப் பார்த்து, இஷ்டமேனாம்மா, சம்மதம்தானே என்று கேட்டார். இஷ்டமே சார் என்று அக்கா சிரித்துக்கொண்டே சொன்னாள். போட்டோ, கைரேகை எல்லாம் பத்து நிமிஷத்தில் முடிந்தது. அண்ணன் எங்களுக்கு ஓட்டலில் மீல்ஸ் வாங்கிக் கொடுத்தான். அக்கா பையிலிருந்து ஒரு புடவையை எடுத்து என் மடியில் வைத்தாள். சாட்சி சொல்ல வந்தவளை வெறுங்கையோடு அனுப்பக்கூடாதாம்.

"எனக்குன்னு ஒரு காயிதம் இருக்குது பாப்பா இப்ப. இனிமே யாரும் என்ன எழுந்திருன்னு சொல்ல முடியாது," என்றாள்.

அசல் பத்திரத்தை அண்ணன் பத்திரமாக வைத்துக்கொள்வதாகச் சொல்லி எடுத்துப் போனான். அக்காவுக்கு ஒரு ஜெராக்ஸ் கிடைத்தது. அவள் அதைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு அரிசி டிரம்முக்கு அடியில் வைத்தாள். மாங்காய் வாங்க வந்தவர், பால் வாங்க வந்தவர் என்று வருகிறவர்களிடமெல்லாம் அதைக் காட்டியிருக்கிறாள். அவர்களும் எங்களைப் போலத்தான், யாருக்கும் எழுத்து தெரியவில்லை.

இரண்டு வருஷம் அப்படியே போனது. ஒவ்வொரு கோடைக்கும் ஆறு மரத்து மாங்காயில் ஒரு மூட்டை பஸ்ஸில் ஏறி எனக்கு வந்தது. பிறகு ஊரில் நிலங்களை மறுபடி அளக்க ஆபீசர்கள் வந்தார்கள். சர்வே செய்கிற பெண் பஞ்சாயத்து ஆபீசில் உட்கார்ந்து பட்டியலை உரக்கப் படித்திருக்கிறாள். அக்கா வீடு இருக்கிற முப்பது சென்ட்டுக்கு அண்ணன் பெயரைப் படித்திருக்கிறாள். தப்பாகப் படிக்கிறாள் என்று நினைத்து அக்கா ஓடிப்போய் ஜெராக்ஸை எடுத்து வந்து நீட்டியிருக்கிறாள். அந்தப் பெண் அதைப் பார்த்துவிட்டு, இதில்தான் நீங்கள் விட்டுக் கொடுத்துவிட்டீர்களே அம்மா என்றாளாம். அக்கா அப்போதும் நம்பவில்லை. பாப்பா படிச்சுப் பாத்துதான் போட்டுது, அதனால் நீதான் தப்பாகப் படிக்கிறாய் என்று அந்தப் பெண்ணோடு சண்டை போட்டுவிட்டு எனக்குப் போன் செய்தாள்.

ஊருக்குப் போய் ஜெராக்ஸை வாங்கிக்கொண்டு வந்து, சென்டரில் கணக்கு நடத்துகிற தோழியிடம் கொடுத்தேன். கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டேன், கொஞ்சம் வாசியுங்கள் என்றேன். பார்த்தீர்களா, அந்த நேரத்திலும் பொய். அவள் தலைப்பை வாசித்தாள். ஹக்கு விடுதல பத்திரம். உரிமையை விட்டுக் கொடுக்கிற பத்திரம். அவள் விடாமல் வாசித்தாள். என் பங்கை என் தம்பிக்கு முழுமனதோடு விட்டுக் கொடுக்கிறேன், எனக்கோ என் வாரிசுகளுக்கோ இதில் இனி எந்தப் பாத்தியமும் இல்லை, இதைப் படிக்கக் கேட்டுப் புரிந்துகொண்டு கையெழுத்திட்டேன். அதற்குக் கீழே சாக்ஷுலு, சாட்சிகள். முதல் பெயர் என்னுடையது.

இது உங்கள் கையெழுத்துதானே என்று தோழி கேட்டாள். ஆமாம் என்றேன்.

அண்ணனுக்குப் போன் செய்தேன். கத்த வேண்டும் என்று நினைத்துத்தான் செய்தேன், அழுகைதான் வந்தது. இப்படிப் பண்ணிட்டியே ண்ணா என்றேன். அவன் நிதானமாகக் கேட்டான்.

"நீ படிச்சுப் பாத்துட்டுதான பாப்பா போட்ட?"

அந்த ஒரு கேள்வியில் எல்லாம் விளங்கிவிட்டது. ஊரில் தெலுங்கு படித்தவர்கள் எத்தனையோ பேர் இருக்க, என்னை எதற்கு லீவு போடச் சொல்லிக் கூப்பிட்டான்? எனக்கு எழுத்து தெரியாது என்று தெரிந்த ஒரே ஆள் அவன். நாலு பேர் முன்னால் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன் என்று தெரிந்த ஆளும் அவன் ஒருவன்தான். என் வீம்பை அளந்து பார்த்துவிட்டுத்தான் கூப்பிட்டிருக்கிறான். பஸ் போர்டு படிக்கச் சொல்லிக் கொடுத்தவனே நம்ப வைத்துக் கழுத்தை அறுத்துவிட்டான். அக்காவின் நிலத்தை அவன் எடுத்துக்கொண்டதுகூட எனக்கு இரண்டாவதுதான், சொல்லவே வெட்கமாக இருக்கிறது. எந்த இடத்தில் எனக்கு வலிக்கும் என்று தெரிந்து, அந்த இடத்தில் கை வைத்தானே, அதைத்தான் என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை.

ஊரில் பெரியவர்கள் கூடினார்கள். அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நின்று, அக்கா சம்மதித்துத்தான் கொடுத்தாள், படித்த தங்கச்சியே பார்த்துத்தான் சாட்சி போட்டாள் என்றான். எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படிச்சவன் பாட்டைக் கெடுத்தான் என்று கூட்டத்தில் ஒருவர் முணுமுணுத்தார். யார் சொல்வது நிஜம் என்று தெரியாவிட்டால் எங்கள் பக்கத்தில் கடைசி இடம் காணிப்பாக்கம். பிள்ளையார் கோயில் குளத்தில் முழுக்குப் போட்டு, ஈரத்துணியோடு சன்னதியில் நின்று சொன்ன சொல்லுக்கு மேல் பேச்சில்லை. அங்கே பொய்ச் சத்தியம் செய்ய எவனுக்கும் துணிச்சல் வராது. காணிப்பாக்கம் என்றதும் அண்ணன் பின்வாங்குவான் என்று நினைத்தேன். அவன் உடனே சரி என்றான்.

முதலில் அவன்தான் முழுகினான். தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்டக் கை கூப்பிக்கொண்டு சொன்னான்.

"என் தங்கச்சி அந்தப் பத்திரத்த கடைசி வரிக்கும் பாத்துட்டு, சரியா இருக்குதுன்னு வாயால சொல்லிட்டு, அப்பறம்தான் கையெழுத்து போட்டுது. இது சத்தியம்."

ஒரு சொல் பொய் இல்லை. பிள்ளையாரையே வாய் மூட வைக்கிற அளவுக்கு யோசித்துக்கொண்டு வந்திருக்கிறான். அடுத்து நான் முழுகினேன். ஊர்க்காரர்கள் பத்துப் பேர், அர்ச்சனைத் தட்டோடு வரிசையில் நிற்கிற வெளியூர்க்காரர்கள், எல்லார் முன்னாலும் சொன்னேன்.

"எனக்குத் தெலுங்கு படிக்கத் தெரியாது. படிக்கிற மாதிரி நடிச்சேன். அதுல என்ன எழுதியிருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. இது சத்தியம்."

பதினான்கு வருஷம் மறைத்த விஷயம் ஒரு நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டது. வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஊர்ப் பெரியவர் தலையைச் சொறிந்தார். ரெண்டு பேர் சொல்றதும் நெசந்தான், இதுல அவரு யாரன்னு தண்டிப்பாரு என்று சன்னதியைக் காட்டிவிட்டு, எல்லாரையும் பிரசாதம் வாங்கிக்கொண்டு கிளம்பச் சொன்னார். அண்ணன் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டு, என்னைத் தாண்டிப் போனான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

இனி கோர்ட்டுதான் என்று அக்காவைச் சித்தூரில் ஒரு வக்கீலிடம் அழைத்துப் போனேன். ஏமாற்றி எழுதி வாங்கியது என்று கேஸ் போடலாம், ஆனால் நாளாகும் என்றார். நான் அவரிடம் என் குற்றத்தைச் சொன்னேன். தெரியாமல் சாட்சி போட்டுவிட்டேன், என்னைச் சட்டம் என்ன செய்யும் என்று கேட்டேன். அவர் நல்ல மனுஷர், என்னைத் தேற்றத்தான் பார்த்தார். பத்திரத்துக்குள் என்ன இருக்கிறது என்று சாட்சிக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று சட்டம் எதிர்பார்ப்பதில்லை மேடம், எழுதிக் கொடுப்பவர் கையெழுத்துப் போட்டதைக் கண்ணால் பார்த்தால் போதும், உங்கள் மேல் தப்பே இல்லை என்றார்.

அறிந்திருத்தல் என்று பிறந்த சொல், அறிந்திருக்கத் தேவையில்லை என்ற இடத்தில் வந்து நிற்கிறது. இதை என் அகராதி எனக்குச் சொல்லவில்லை. வாசலில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த பெரியவருக்குத் தெரிந்திருந்தது. அந்தச் சொல்லின் இன்றைய அர்த்தத்துக்கு அவர் நேர்மையாக நடந்துகொண்டார். பழைய அர்த்தத்தைப் பலகையில் எழுதிப் போட்டு வந்த நான் அதற்கும் இல்லை, இதற்கும் இல்லை. வக்கீல் சொன்னது மனசுக்கு ஆறுதலாக இருந்ததா என்றால், இல்லை. தப்பு என்று சொல்லியிருந்தால்கூடக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

பஸ் ஸ்டாண்டுவரை அக்காவும் நானும் நடந்தே வந்தோம். டீ வாங்கிக் கொடுத்தேன், குடித்தாள். கேஸுக்கு நான் கூண்டில் ஏறி எல்லாவற்றையும் சொல்கிறேன், யார் சிரித்தாலும் பரவாயில்லை, காணிப்பாக்கத்தில் சொன்னதை அங்கேயும் சொல்கிறேன், நீ கவலைப்படாதே அக்கா என்றேன். நான் சொல்லி முடிக்கிறவரை அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். காலி டம்ளரைக் கடைப் பலகையில் வைத்தாள். திருப்பதி பஸ் வந்து நின்றது. முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் ஒன்றுதான், பார்த்துக்கொண்டேன்.

"அன்னிக்கி உன் கண்ணு வரிவரியா போறத நான் பாத்துக்கினே இருந்தேன்," என்றாள் அக்கா. "அவன நம்பி நான் போடல. நீ தலைய ஆட்டினப்பறம்தான் எழுந்து வந்து போட்டேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் என் பையை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"நீ பஸ் ஏறு. சாட்சிக்கு நான் வேற ஆள பாத்துக்கறேன்."